அவள் சொன்ன என் அப்பா

அப்பா இறந்த அடுத்த வருடம் ஜெர்மன் படிக்கச் சேர்ந்தேன். அப்போது பெங்களூரில், ஓசூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக ஏழு வருடம் முடித்திருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே போக முதலில் அந்த மொழியில் தேர்வு எழுத வேண்டும். என் வார்டிலேயே வேலை பார்த்த ஒருத்தி, "தனியா போனா ரெண்டே வாரத்துல விட்ருவோம்டி. சேந்து போலாம் வா" என்றாள். அவள் வீடு சந்தாபுராவில், என் வீடு பொம்மனஹள்ளியில். வகுப்பு மல்லேஸ்வரத்தில், ஒரு வீட்டு மாடியில். வாரம் மூன்று சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு ஓடுவோம்.

அப்போது எங்கள் பக்கம் மெட்ரோ வரவில்லை. சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றால் நின்றதுதான். உட்கார இடம் கிடைத்துவிட்டால் ஜெர்மனில் மட்டுமே பேச வேண்டும் என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஆரம்பத்தில் 'ஜன்னல் பெரியது', 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் வராது. பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்டக்டர் ஒருநாள், "யாவ பாஷே ரீ இது?" என்று கேட்டார். ஜெர்மன் என்றதும், "கன்னடா பரத்தா மொதலு?" என்று சிரித்தார். கன்னடமும் வரும் என்று அவள் கன்னடத்திலேயே சரளமாகப் பதில் சொன்னதும்தான் விட்டார். அவளுக்கு எந்த மொழியும் சீக்கிரம் வந்துவிடும். எனக்கு ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆறேழு மாதத்தில் கொஞ்சம் பேச வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தமிழில் சொல்ல வாய் வராத விஷயங்கள் ஜெர்மனில் வந்தன. 'வெட்கம்' என்று தமிழில் சொன்னால் எனக்குச் சித்தி, பெரியப்பா, எங்கள் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேர் முகமும் ஞாபகத்துக்கு வரும். அதற்கான ஜெர்மன் சொல்லை எனக்குத் தெரிந்த யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதனால் அது எனக்குப் பாரமில்லாமல் இருந்தது. அப்படித்தான் அப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். பிறகு எங்களையும் இங்கேயே கொண்டுவந்துவிட்டார். சுரங்கத்துத் தூசி நுரையீரலில் படிந்து கடைசி வருடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஸ்கேன் எடுக்க என் மருத்துவமனைக்கே அவரை வரச் சொன்னேன். ஸ்கேன் அறை நாலாவது மாடி. அவர் லிஃப்டில் ஏற மாட்டேன் என்றார். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டு ஒருமுறை பாதியில் மாட்டிக்கொண்டு, இருட்டில் பல மணி நேரம் தொங்கியவர் அவர். அதற்குப் பிறகு மூடிய பெட்டி எதற்குள்ளும் அவரால் நிற்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், யூனிஃபார்மோடு, லிஃப்ட் ஆபரேட்டர் பார்க்க, "மானத்த வாங்காதப்பா. ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா நடந்தே வா" என்று கத்திவிட்டு, நான் மட்டும் லிஃப்டில் மேலே போனேன்.

அவர் படி ஏறி வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருக்கிறார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே வந்ததும், "இன்னாமா, டாக்டரு போய்ட்டாரா?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதத்தில் இறந்துவிட்டார்.

இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் பஸ்ஸில், பல நாட்களாக, வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். அவள் என் இலக்கணத்தைத் திருத்துவாள். சில இடங்களில் திருத்தாமல் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வகுப்புக் கட்டுரை ஒன்றில் அப்பா மண்ணுக்கு அடியில் வேலை செய்தார் என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் புதைக்கப்பட்டவர் போலத் தொனிக்கும் என்றார் வாத்தியார். ஜெர்மனியிலுள்ள சுரங்கத் தொழிலாளிகள் 'உண்டர் டாகெ' என்பார்களாம். பகலுக்குக் கீழே. அந்த இரண்டு சொல்லையும் எங்கிருந்தோ கிடைத்த சொத்து போல நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

பேச்சுத் தேர்வு இரண்டிரண்டு பேராக நடக்கும். சேர்ந்து பதிவு செய்ததால் நாங்கள் ஜோடியானோம். அதிர்ஷ்டம் என்று இரண்டு பேரும் குதித்தோம். தேர்வன்று அவள் அப்பா, ஆட்டோ ஓட்டுபவர், காலையில் சவாரி எதுவும் எடுக்காமல் எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "பயப்படாம பேசுங்கமா. நா இங்கயேதான் இருப்பேன்" என்றார்.

முதல் பகுதி நன்றாகவே போனது. அடுத்ததில் ஆளுக்கொரு தலைப்பு. கொடுத்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சொந்த அனுபவத்தோடு சில நிமிடம் பேச வேண்டும். அவள் எடுத்தது, வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்பது. நான் எடுத்தது குழந்தைகளும் செல்போனும். அவள்தான் முதலில் பேசினாள்.

"என் அப்பா உண்டர் டாகெ வேலை செய்தார்" என்று ஆரம்பித்தாள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. தேர்வுப் பதற்றத்தில் எதையோ தப்பாகக் கேட்கிறேன் என்று நினைத்தேன். பிறகு கூண்டு வந்தது, ஸ்கேன் வந்தது, நாலாவது மாடி வந்தது. எல்லாம் என் வாக்கியங்கள். நான் எங்கே நிறுத்தி மூச்சு விடுவேனோ அங்கேதான் அவளும் நிறுத்தினாள். ஆனால் லிஃப்டுக்கு முன்னால் வந்ததும் கதை மாறியது. "நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியும் சேர்ந்தே ஏறினோம்" என்றாள். தேர்வு நடத்திய அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தார்.

அவளுடைய கதையில் என் அப்பாவுக்கு நல்ல மகள் கிடைத்துவிட்டாள்.

அடுத்து, விதிப்படி, நான் அவள் பேச்சைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உன் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது" என்று மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். கேள்வியாக ஒரே ஒரு சின்ன வாக்கியம்தான் வாயில் வந்தது. "உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"இல்லை. போன வருடம் இறந்துவிட்டார்."

என் முறை வந்தபோது செல்போனைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினேன். மூன்றாவது வரவில்லை. தேர்வாளர் அன்பாக ஏதோ எடுத்துக்கொடுத்தார். அது எந்த மொழி என்றே எனக்குப் பிடிபடவில்லை.

வெளியே அவள் அப்பா ஆட்டோவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "இன்னாமா, நல்லா பேசினீங்களா? ஏன் மூஞ்சி இப்டி வாடிகீது?" என்று என்னைத்தான் கேட்டார். தலைவலி என்றேன். வழியில் நிறுத்தி எனக்கென்று காபி வாங்கிக் கொடுத்தார். அவருக்கு முன்னால் எப்படிப் பேசுவது? பொம்மனஹள்ளியில் இறங்கிக்கொண்டேன்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்டி அப்டி பண்ண?"

"வந்ததுல அந்தத் தலைப்புதான் தேறுச்சு. நா இன்னா பண்றது? எங்க நைனா நல்லா கீறாரு. அவரப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்ல."

"அது எங்கப்பாடி."

"தெரியும். ஆனா அந்த வாக்கியம்லாம் நாம சேந்து பண்ணதுதானே? பாதி நா திருத்துனது. பரீட்சைக்குத்தானே சொன்னேன், ஊர்ல போயா சொன்னேன்?"

"சரி, ஏன் மாத்தின?"

அவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நீ பண்ணத அப்டியே சொன்னா மார்க் போடுவாங்களா?"

அவள் கதையைத் திருடியதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடி கேட்ட அத்தனை நாளும் அவள் மனதில் என்னைப் பற்றி இதுதான் இருந்திருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்டுக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். நான் பேச்சில் மட்டும் தவறினேன். நாலு மாதம் கழித்து மறுபடி போனேன். ஜோடியாக வந்தவர் முன்பின் தெரியாத ஓர் இன்ஜினியர். உடற்பயிற்சியைப் பற்றி, நான் செய்யாத உடற்பயிற்சிகளை எல்லாம் செய்ததாகச் சொல்லித் தேறிவிட்டேன். அந்த ஜெர்மனில் என்னுடையது என்று ஒரு வார்த்தை இல்லை. ஜெர்மனிக்குப் போக இன்னும் ஒரு நிலை பாக்கி. அதற்கு இப்போது வீட்டிலிருந்தே, ஆன்லைனில் தனியாகப் படிக்கிறேன். பஸ்ஸில் யாரோடும் பேசிப் பழகுவதில்லை.

அவள் அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் வேலை. சென்ற மாதம் திடீரென்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், ஜெர்மனில். சரளமாக இருந்தது, இரண்டு தடவை கேட்டுத்தான் எனக்கு முழுதும் விளங்கியது. அவள் அப்பாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறதாம். வீட்டில் சொன்னால் கேட்பதில்லையாம். நான் சொன்னால் கேட்பாராம். எங்கள் மருத்துவமனையில் ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாள். நடந்ததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பதில் போடவில்லை. அவள் அப்பாவுக்கு நேராக ஃபோன் செய்து வரச் சொன்னேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இ.சி.ஜி. எடுத்து, டாக்டரிடம் காட்டி, மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சீட்டின் பின்னால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை. காத்திருந்த நேரமெல்லாம் மகளைப் பற்றியே பேசினார்.

"அங்க கீற கிழவிங்கல்லாம் இவ மேல உசுராம்மா. அவங்க பாஷைலயே கத சொல்றாளாம். எங்கருந்துதான் கத்துகினாளோ!"

"நல்லா சொல்லுவா அங்கிள்" என்றேன்.

அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.