படியேறி வந்த கவுன்சிலர்

எங்கள் வட்டாரத்திலிருந்து மாநகர சபைக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் அவர். அதற்கு முன்பு போட்டியிட்டுத் தோற்றும் இருக்கிறார்.

இந்தக் குளிர் நாட்டில், டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியில் ஒரு தை மாதம் ஹீற்றர் நின்றுபோனது. பிள்ளைகளை ஜக்கெற்றோடு படுக்க வைத்தோம். முறைப்பாடு செய்து செய்து நாங்கள் களைத்துப்போயிருந்த நேரத்தில், அப்போது கவுன்சிலராக இருந்த அவர் வந்தார். எலிவேற்றரும் பழுது. ஒன்பதாம் மாடிவரை படியேறி வந்தவர், மூச்சு வாங்க, கோட்டைக் கழற்றாமல் எங்கள் குசினிக் கதிரையில் அமர்ந்தார். அங்கிருந்தே கட்டட உரிமையாளருக்குப் போன் எடுத்தார்.

"நீங்கள் திருத்தும்வரை நான் இந்த வீட்டில்தான் இருப்பேன்."

சொன்னபடியே இருந்தார். பின்னேரம் ஆட்கள் வந்து திருத்தி முடித்தபோது என் இளையவள் அவருடைய மடியில் நித்திரையாகியிருந்தாள்.

அடுத்த தேர்தலில் அவரோடு வீடு வீடாகப் போனேன். தமிழ் வீடுகளில் நான் கதைப்பேன். அவர் பக்கத்தில் சிரித்தபடி நிற்பார். ஒரு வீட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கதவைப் பாதி திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி, உந்தக் கறுப்பிக்கோ எங்களை வோட் போடச் சொல்லுறியள்?"

"ஓம் அண்ணை. நாங்கள் குளிருக்குள்ள கிடக்கேக்கை இவதான் வந்தவ. வேறை ஆர் வந்தது?"

அண்ணை கதவைச் சாத்திவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மொழிபெயர்க்க வேண்டாம். இந்தக் குரல் எனக்கு எல்லா மொழியிலும் விளங்கும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டு மணியை அழுத்தினார்.

மறுபடியும் வென்றார். ஆனால் அந்தப் பதவிக்காலம் முடிவதற்குள் புற்றுநோய் வந்துவிட்டது. தலையில் துணி கட்டிக்கொண்டு சபைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவரால் சத்தமாகக் கதைக்க முடியவில்லை. "எலிவேற்றர் ஓடுகிறதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். சில நாட்களில் போய்விட்டார்.

போன வருடம் எங்கள் பகுதிச் சமூக நிலையத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். சபையில் அவரோடு மல்லுக்கட்டியவர்களும் வந்து புகழ்ந்தார்கள். பெயர்ப்பலகையின் திரை விலகியதும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய தாய் மட்டும் தட்டவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்து, பலகை நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே நான்தான், மகளே. அதை எனக்குத் திருப்பித் தருகிறார்கள். பிள்ளையை யார் தருவார்கள்?"

மேடையில் அடுத்தவர் பேசத் தொடங்கினார். தாய் என் கையை விடவில்லை. நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து, அழுகையை அடக்க முடியாமல் இருந்தேன்.