அடுத்தவளின் முறை

நிப்றாஸ் திருகோணமலை பஸ் நிலையத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். வீடு கிண்ணியாவில். மனைவி நுஸ்ரத் மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். நாலாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மன்னார் பஸ் வந்து நின்றால், அவள் வராத நாள் என்று தெரிந்தும், கடைசி ஆள் இறங்கும் வரை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் அவன் வண்டியில் ஏறிய தரகர் ஒருவர் கதையோடு கதையாக விசயத்தை அறிந்துகொண்டார்.

"ரெண்டு லட்சம் குடுங்க தம்பி. தை மாதமே மனிசி உங்கட வீட்டில. இடமாற்றப் பட்டியலில மேல நிக்கிற ஒரு ரீச்சரைக் கீழ இறக்கினாச் சரி."

"ஆர் அவ?"

"ஜெயரூபி எண்டு ஆரோ. உங்களுக்கு என்னத்துக்கு அது?"

வண்டியை ஈடு வைத்தாவது கொடுத்துவிடலாம் என்று மனம் துடித்தது. அன்று பின்னேரமே நுஸ்ரத்துக்குப் போன் எடுத்தான். தரகர் சொன்னதையும் அந்தப் பெயரையும் சொன்னான்.

"அவ என்ட அறையிலதான் இருக்கிறா. மகனுக்கு மூண்டு வயசு, தகப்பனோட நிலாவெளியில இருக்கிறான்."

"எங்கட உரிமைக்குத்தானே குடுக்கிறம். வேற வழியில்லாட்டி அதுக்கு மார்க்கத்தில இடம் இருக்கெண்டு மௌலவி ஒருத்தரும் சொன்னார்."

"எங்கட உரிமை எண்டாச் சரி. இது அவட முறை. அடுத்தவங்கட பொருளை அநியாயமாச் சாப்பிடாதீங்க, அதுக்காக அதிகாரிகளிட்டப் போகாதீங்க எண்டு குர்ஆன்ல இருக்கு. லஞ்சம் குடுக்கிறவரையும் வாங்குறவரையும் ரசூலுல்லாஹ் சபிச்சிருக்காங்க. பிள்ளைகளுக்கு நான்தானே இதைப் படிப்பிக்கிறன்?" குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் வர ஆசையில்லையா?"

நிப்றாஸ் தரகரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தை மாதம் பட்டியல் வந்தது. ஜெயரூபிக்குக் கிடைத்தது, நுஸ்ரத்துக்கு இல்லை. நுஸ்ரத் கேட்டுக்கொண்டபடி அவனே பஸ் நிலையத்தில் நின்று, ஜெயரூபியின் பைகளை ஏற்றி நிலாவெளிக்குக் கொண்டுபோனான். பட்டியல் பற்றித் தரகர் பேசிய எதுவும் ஜெயரூபிக்குத் தெரியாது.

"நுஸ்ரத் இல்லாட்டி அங்க நான் இருந்திருக்க மாட்டன் அண்ணா. அவவுக்கும் கெதியாக் கிடைக்கோணும்" என்றாள்.

வீட்டு வாசலில் அவள் மகன் முதலில் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு எட்டிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் ஓடினான், ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு.

திரும்பும் வழியில் நிப்றாஸ் வண்டியை ஓரமாக நிறுத்திப் போன் எடுத்தான்.

"இறக்கிட்டீங்களா? பிள்ளை என்ன செஞ்சான்?" என்று கேட்டாள் நுஸ்ரத்.

அவன் ஒளிந்ததையும் ஓடியதையும் சொன்னான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.