நாற்பத்து மூன்று குறுக்கெழுத்துப் புதிர்கள்

இதை எழுதப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "எழுதிக்கோங்க. நான் அழுததா மட்டும் எழுதாதீங்க. நான் அழலை" என்றாள். உண்மைதான். அவள் அழவில்லை.

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு பெரிய தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். எண்ணும் தலைப்பும் தேதியும் இல்லாத தாள் மேசையில் கிடந்தால் யாரையும் கேட்காமல் கிழித்துப் போடலாம் என்பது எங்கள் பிரிவின் வழக்கம். ஓய்வு பெற்றபோது கொடுத்த கைக்கடிகாரம் ஒரே வருடத்தில் நின்றுபோனது. இந்த வழக்கம் நிற்கவில்லை.

மனைவி உப்பிலியபுரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு, திருச்சியில் வெளிவரும் ஒரு சிறிய மாத இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி, இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. காலையில் காபி குடிக்கும்போது என்னிடம் குறிப்புகளைச் சொல்லிப் பார்ப்பாள்.

"கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு ஊர். ஆறு எழுத்து."

"சமயபுரம்."

"உங்களுக்கே வந்துடுச்சா? அப்ப வேற வைக்கணும்."

அவளிடம் இருந்தது விண்டோஸ் மடிக்கணினி, மகள் வாங்கிக் கொடுத்தது. என் மேசையில் இருந்த பழைய கணினியில் நான் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். எதையும் விலை கொடுத்து வாங்காமல் நானே பிரித்து நானே சேர்த்தது என்ற பெருமை எனக்கு. அச்சுப்பொறி என் கணினியோடு இணைந்திருந்தது. ஒவ்வொரு முறை அச்செடுக்கவும் அவள் பென் டிரைவோடு என் அறைக்கு வர வேண்டியிருந்தது. இரண்டு கணினிகளையும் வீட்டு வைஃபை வழியாக ஒன்றையொன்று பார்க்கும்படி செய்துவிட்டால் இந்த நடை மிச்சம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

நான்கு நாள் பிடித்தது. அவள் கணினி என் கணினியின் பெயரைக் காட்டும், உள்ளே விடாது. கடவுச்சொல்லைக் கேட்கும், கொடுத்தால் தவறு என்னும். என் கணினிக்கு அவள் கணினி இருப்பதே தெரியாது. பாதுகாப்புச் சுவரைத் திறந்தேன், குழுப் பெயரை மாற்றினேன், இணையத்தில் யார் யாரோ எழுதியதைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. அவள் கதவருகே வந்து நின்று கேட்பாள்: "ரெண்டும் பேசிக்கிச்சா இல்லையா? சம்பந்தி பேச்சு மாதிரி இழுக்குதே."

ஐந்தாம் நாள் பேசின. ஆனால் நான் அதை ஒரு மாதிரியாகத்தான் அமைத்திருந்தேன். என் கோப்புகளை அவள் திறந்து பார்க்கலாம், மாற்ற முடியாது. அவள் கோப்புகளை நான் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அவள் அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"இதென்னங்க நியாயம்? நான் உங்க வீட்டுக்கு வந்தா வாசல்லயே நிக்கணும். நீங்க எங்க வீட்டுக்கு வந்தா அடுப்படி வரைக்கும் வருவீங்களா?"

"நீ தெரியாம எதையாவது அழிச்சிடுவ. அதுக்குத்தான்."

"ஆமா, முப்பது வருஷம் பத்தாங்கிளாஸ் பேப்பர் திருத்தினவ நான். அழிக்கத்தான் பொறந்தேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், அவள் வடக்கு வாசல் பக்கம் காய்கறி வாங்கப் போயிருந்தாள். அவளுடைய கோப்புகளுக்கெல்லாம் வாரம் ஒரு முறை தானாகவே ஒரு பிரதி என் கணினியில் சேரும்படி அமைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல எண்ணம்தான். பிரதி எடுப்பதற்கு முன்னால் குப்பையைக் கூட்டிவிடலாம் என்று தோன்றியது. அவளுடைய ஆவணங்கள் என்ற கோப்புறைக்குள், என் கணினியில் இருந்தபடியே போனேன். அங்கே 'புக்1', 'புக்2' என்று வரிசையாக எக்செல் கோப்புகள் நாற்பத்து மூன்று இருந்தன. எக்செல் தானாக வைக்கும் பெயர் அது. அவள் ஒன்றுக்குக்கூடப் பெயர் மாற்றவில்லை. மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் வெறும் வெள்ளைக் கட்டங்களும் கறுப்புக் கட்டங்களும். ஒரு சொல் இல்லை. கட்டம் போட்டுப் பழகியிருக்கிறாள், பழகியதையெல்லாம் சேமித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு கோப்பிலும் மூன்று தாள்கள் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் தாளில் வாசகருக்குப் போகும் வெற்றுக் கட்டம், இரண்டாவதில் விடைகள், மூன்றாவதில் குறிப்புகள். அடியில் இருந்த அந்த இரண்டு சிறிய தாள் முனைகளை நான் சொடுக்கிப் பார்க்கவில்லை.

நாற்பத்து மூன்றையும் தேர்ந்தெடுத்து நீக்கு என்று கொடுத்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கணினி கேட்டது. கேட்டதை நான் படித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எப்படியும் அவள் கணினியின் குப்பைத் தொட்டியில் கிடக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வலையமைப்பு வழியாக இன்னொரு கணினியிலிருந்து அழிப்பது எந்தத் தொட்டிக்கும் போவதில்லை. நாலு நாள் படித்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவள் மாலையில் கணினியைத் திறந்தாள்.

"ஏங்க, என் கட்டமெல்லாம் எங்க போச்சு?"

எழுந்து போய் அவள் திரையைப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலியாக இருந்தது. அப்போது என் வாய் சொன்னது:

"நீதான் எதையாவது அழுத்தியிருப்ப."

"நான் அழுத்தலையே."

"ஞாபகப்படுத்திப் பாரு."

ஞாபகம் என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் இல்லை. அவளுடைய அக்கா மறதி நோய் வந்து கடைசி ஒன்றரை ஆண்டு எங்களோடுதான் இருந்தார். சோறு ஊட்டிவிடும் தங்கையைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். அவர் படுத்திருந்த அறையில்தான் இப்போது என் கணினி இருக்கிறது. இது எல்லாம் தெரிந்தவன்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முதலில் கோப்புகளை மீட்டுவிட்டுச் சொன்னால் குற்றம் பாதியாகக் குறையும் என்று கணக்குப் போட்டேன். அழிந்த கோப்புகளைத் தேடியெடுக்கும் நிரல் ஒன்றை அவள் மடிக்கணினியில் இரண்டு நாள் ஓட விட்டேன். நான்கு கோப்புகள் திறந்தன. மற்றவை எல்லாம் கந்தலாக வந்தன. நான்கையும் காட்டினேன்.

"நாலு ஃபைலாவது கிடைச்சுதே. நீங்க இல்லேன்னா இதுவும் போயிருக்கும்" என்றாள்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

அவள் மாறத் தொடங்கினாள். பூட்டிய கதவை மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பாள். மாத்திரை போட்டதைக் காலண்டரில் புள்ளி வைத்துக் குறிப்பாள். இதழ் ஆசிரியருக்குப் போன் செய்து, "வேற யாரையாவது பாத்துக்குங்க சார், எனக்கு முன்ன மாதிரி இல்லை" என்றாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் மன்னார்புரத்தில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறவள். வாரத்தில் மூன்று நாள் இரண்டு வயதுக் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒரு திங்கட்கிழமை காலை மனைவி அவளிடம் சொன்னாள்: "இனிமே பாப்பாவை என்கிட்ட விடாதடி."

"ஏம்மா? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. செஞ்சது ஞாபகம் இல்லாதவகிட்ட புள்ளைய விடக்கூடாது. உங்க பெரியம்மா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுட்டு கூடத்துல வந்து உக்காந்திருந்தது உனக்குத் தெரியாதா?"

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா." நான் குனிந்து குழந்தையின் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து குழந்தை மன்னார்புரத்திலேயே ஒரு காப்பகத்துக்குப் போனது. முதல் பத்து நாள் அழுதது என்று மகள் போனில் சொன்னாள்.

தில்லை நகரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். இளைஞர், பொறுமையானவர். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று அவள் நிற்காமல் இரண்டு வரைக்கும் போனாள். மருத்துவர் சிரித்தார். "எனக்கே இவ்வளவு வேகமா வராதும்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"அப்ப நாப்பத்து மூணு ஃபைலை நானே அழிச்சிட்டு, அழிச்சதே ஞாபகம் இல்லேன்னா அது என்ன டாக்டர்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அவங்க அழிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை" என்றேன்.

அது உண்மை. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. மருத்துவர் தாளில் ஏதோ எழுதினார். எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

ஸ்கேன் அறைக்குள் போகும் முன் தாலியையும் வளையலையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இயந்திரம் தட்டும் சத்தம் வெளியே கேட்டது.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. வயதுக்குரிய மாற்றம் தவிர வேறொன்றும் இல்லை. மருத்துவர் தைரியம் சொல்லி அனுப்பினார். ஆட்டோவில் வரும்போது அவள் முகம் தெளியவில்லை. காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஆரம்பத்துல ஸ்கேன்ல தெரியாதாம். அக்காவுக்கும் முதல்ல ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னாங்க" என்றாள். பிறகு, "எனக்கு முத்திப் போச்சுன்னா என்னை எங்கயாவது ஹோம்ல சேத்துடுங்க. நீங்க கிடந்து கஷ்டப்படாதீங்க" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அந்த ஃபைலை அழிச்சது நான்" என்றேன்.

"என்ன? கேக்கலை."

பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சொன்னேன். அவள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள். "சத்தமாச் சொல்லுங்க."

"நான்தான் அழிச்சேன்! உன் கட்டமெல்லாம் நான்தான் அழிச்சேன்!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள், வகுப்பில் கேட்பதுபோல.

"எப்ப?"

"நீ காய்கறி வாங்கப் போயிருந்தப்ப."

"அன்னிக்கு சாயங்காலம் நான் கேட்டேனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பாப்பாவை அனுப்பினப்ப?"

"தெரியும்."

"டாக்டர் உங்களைக் கேட்டப்ப?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மகளிடம் பேசினாள். "நாளைக்கு பாப்பாவைக் கொண்டாந்து விடு. எனக்கு ஒண்ணும் இல்லடி. ஏன்னு உங்கப்பா சொல்லுவார்." போனை என்னிடம் நீட்டினாள். ஆட்டோவில் இரண்டாவது முறையாகக் கத்தினேன். மகள், "வச்சிடுறேன்ப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டையும் பிரிச்சு விடுங்க" என்பதுதான். பிரிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தெரியாது. அச்செடுக்க வேண்டியதைப் பென் டிரைவில் கொண்டுவந்து என் மேசையில் வைப்பாள். அச்செடுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். முடிந்ததும் அவளே பிடுங்கிக்கொண்டு போவாள். புதிர்களை மறுபடி போடத் தொடங்கியிருக்கிறாள். என்னிடம் குறிப்புகளைச் சொல்லிப் பார்ப்பதில்லை. பேசாமல் இருக்கிறாளா என்றால் இல்லை. சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் மோட்டார் எல்லாம் பேசுகிறோம்.

அந்த வார இறுதியில் மருத்துவமனைத் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தவள் ஒரு தாளை என் முன் வைத்தாள். கோப்புகளைத் தானே அழித்துள்ளார், நினைவில்லை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்.

"இது இப்படியே இருக்கக்கூடாது. நாளைக்கு எனக்கு வேற ஏதாவதுன்னு போனா, எந்த டாக்டரும் முதல்ல இதைத்தான் படிப்பாங்க. நீங்க போய் இந்த வரியை அடிச்சு வாங்கிட்டு வாங்க."

"நீயும் வரியா?"

"நான் எதுக்கு?"

தனியாகப் போனேன். டோக்கன் முப்பத்தொன்று. இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். நோயாளி எங்கே என்று வரவேற்பில் கேட்டார்கள். வரவில்லை என்றேன். மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உதவியாளரும் அங்கேயே நின்றார். நான் சொல்லி முடித்ததும் மருத்துவர் ஒன்றும் கேட்காமல் அந்த வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நான்தான் அழிச்சேன்னு எழுதணுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இது அவங்க ஃபைல் சார். உங்களைப் பத்தி இதுல எழுத முடியாது" என்றவர் மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார்.

வீட்டில் மனைவி கூடத்தில் குழந்தைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடுதான். கோட்டுக்கு அடியில் எழுதியிருந்தது அப்படியே தெரிந்தது. அதை ஒரு முறை முழுதாகப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு குழந்தையிடம் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஊட்டத் தொடங்கினாள்.