செங்கல்லுக்கு ஒரு சட்டை

எங்க அக்கா எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியணும்னா, அவ கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கணும். கிழிஞ்ச ஜன்னல் திரை, போன வருஷக் காலண்டர், பாடாத கேசட்டு, டீத்தூள் பாக்கெட்டோட உள்பக்க வெள்ளித்தாள், கை நைஞ்ச சட்டை, ஜோடியைத் தொலைச்ச பொத்தான்கள்னு எல்லாம் ரகம் பிரிச்சு அடுக்கியிருக்கும். எங்க மாமா, அதாவது அவ புருஷன், பஸ் டிரைவர். இந்த வீட்ல புதுசா இருக்கறது நான் ஒருத்தன்தான், என்னையும் என்னிக்காவது மடிச்சு உள்ள தள்ளிடுவான்னு சொல்லிட்டுத் திரிவார். அவர் புதுசாம்! தலையில இருக்கற முடியை நின்ன இடத்துலயே எண்ணி முடிச்சிடலாம்.

தெருவுல அவளுக்குக் குப்பைக்காரின்னு பேரு. அதைக் கேட்டா எனக்குச் சுர்ருன்னு ஏறும். அவ சிரிச்சுக்கிட்டே போயிடுவா. கோவம் மொத்தமும் எனக்கு, பொறுமை மொத்தமும் அவளுக்குன்னு எங்கம்மா பாகம் பிரிச்சுட்டுப் போயிட்டா.

அக்கா ரொம்ப வருஷம் ஒரு பிரஸ்ல பைண்டிங் வேலை பாத்தா. பேப்பர் எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும்னு அவ விரலுக்குத் தெரியும். பிரஸ்ஸை இழுத்து மூடினதும் வீட்ல உக்காந்து பரிசுப் பொருளுக்கு உறை சுத்திக் குடுக்க ஆரம்பிச்சா. யார் வந்தாலும் அவ கேக்கறது ஒண்ணுதான். யாருக்கு, அவங்க வீட்ல பழசு என்ன இருக்கு? பக்கத்து வீட்டு லாரிக்காரர் தன் மக பிறந்தநாளுக்கு வந்தப்போ, வண்டியில கிடந்த பழைய ரோடு மேப்பை வாங்கி அதுலயே சுத்தினா. அப்பா போய்ட்டு வந்த ஊரெல்லாம் பொட்டலத்து மேல. அந்தப் பொண்ணு உள்ள இருந்த பொம்மையை மறந்துட்டு மேப்பைத் தடவிக்கிட்டு இருந்தாளாம்.

பசை கிடையாது, செல்லோடேப் கிடையாது. மடிப்பும் முடிச்சும் மட்டும்தான். பிரிக்கிறவங்க கிழிச்சாங்கன்னா அது என் தப்புன்னு சொல்லுவா. இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய பேப்பருக்குப் பழைய மடிப்புதான் ஞாபகம் இருக்கும், புது மடிப்புக்கு அது பழகணும்பா. அதனால பரிசு எந்த அளவோ அதே அளவுல ஒரு அட்டைப்பெட்டி எடுத்து, அதே கனத்துக்குச் செங்கல்லை உள்ள வெச்சு, முதல்ல அதைச் சுத்தி ஒரு ராத்திரி விட்டுடுவா. மறுநாள் பிரிச்சு நிஜப் பொருளுக்கு மாத்துவா.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. இத்தனை வருஷம் அடுத்தவங்க மேசையில நின்னாச்சு, தனக்குன்னு ஒரு மேசை வேணும். கடைவீதியில நோட்டு, பேனா விக்கிற கடையில ஜன்னலோரமா ஒரு மூலை காலியாச்சு. கடைக்காரம்மாவுக்கு அக்கா மேல நல்ல எண்ணம். ஆனா அவங்க தம்பி ஜிகினா பேப்பர் வியாபாரம். அந்த மூலை எனக்கு வேணும், பளபளன்னு இருந்தாத்தான் வாங்குவான், குப்பையை எவன் காசு குடுத்து வாங்குவான்னு குதிச்சுக்கிட்டு இருந்தார். கடைசியில கடைக்காரம்மா ஒரு யோசனை சொன்னாங்க. எங்க அம்மா பிறந்தநாளுக்கு ஒரு ரேடியோ வாங்கியிருக்கேன், நீ சுத்திக் குடு, எல்லாரும் பாக்கட்டும், அப்புறம் தம்பி வாயைத் திறக்க முடியாது. சொத்தைன்னு ஆயிட்டா மூலை அவனுக்குத்தான்.

கடைக்காரம்மாவோட அம்மா அந்தக் காலத்துத் தையல்காரம்மா. ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சட்டை தைச்சுத்தான் ரெண்டு பிள்ளைங்களையும் ஆளாக்கினவங்க. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டா. எடைக்குப் போட வெச்சிருந்த ஒரு தகரப் பெட்டி வந்து சேர்ந்துச்சு. உள்ள பழுப்பேறின அளவு பேப்பர்கள். துணியில கத்தரி வைக்கறதுக்கு முன்னால பேப்பர்ல வெட்டி வெச்சுக்குவாங்களே, அதுதான். அதோட எண் அழிஞ்ச இன்ச் டேப்பு ஒண்ணு. வழக்கம்போல முதல்ல செங்கல் பெட்டியைச் சட்டை அளவு பேப்பர்ல நீலக் கோடு மேல வர்ற மாதிரி சுத்தி, இன்ச் டேப்பை ரிப்பனாக் கட்டி முடிச்சா. அதை நான் நாலு பக்கமும் சுத்தி வந்து பாத்தேன்.

மறுநாள் மத்தியானம் விசேஷம். பதினோரு மணிவாக்குல அக்கா சமையலை முடிச்சுட்டு, ரேடியோவுக்கு மாத்தலாம்னு வந்தா, அலமாரி மேல ரேடியோ அம்மணமா நிக்குது. பொட்டலத்தைக் காணோம். அதே நேரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து மாமா போன். குடிச்ச டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன், அன்னிக்குப் பாத்து நல்லது பண்ணியிருக்கார். போற வழிதானேன்னு பொட்டலத்தைக் கடையில குடுத்துட்டாராம். அலுங்காம மடியில வெச்சு எடுத்துட்டுப் போனேன், கனமாத்தான் இருந்துச்சுன்னு பெருமை வேற.

கடைக்காரம்மாவுக்கு அடிச்சா போனை எடுக்கல. ரேடியோவைக் காய்கறிப் பையில போட்டுக்கிட்டு ஆட்டோ பிடிச்சோம். வழியெல்லாம் நான் மாமாவை வாயில வந்தபடி திட்டிக்கிட்டே போனேன். அக்கா பையை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

கடைக்கு மேல மாடிதான் அவங்க வீடு. நாங்க படியேறி வாசல்ல நிக்கும்போது தையல்காரம்மா முடிச்சை அவுத்துட்டாங்க. ஆனா பெட்டியைத் திறக்கல. பேப்பரை மடியில விரிச்சு, கோட்டு மேல விரலை ஓட்டிக்கிட்டே தலையைத் தூக்கி மகனைப் பாத்தாங்க.

"டேய், இது உன் சட்டைடா. நீ முதல் முதலா ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போனது. உனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதான் இந்தப் பக்கம் இறக்கி வெட்டியிருக்கேன் பாரு."

கூடத்துல இருந்தவங்க எல்லாரும் அவர் தோளைப் பாத்தாங்க. அவருக்கும் கை தன்னால தோளுக்குப் போச்சு.

அப்புறம் பெட்டியைத் திறந்தாங்க. செங்கல்.

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. கடைக்காரம்மா முகத்துல ஈயாடலை. தம்பிக்காரர் சமாளிச்சுக்கிட்டு, குப்பைக்காரிகிட்ட குடுத்தா செங்கல்தான் வரும்னு ஆரம்பிச்சார். நான் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கலாம்னு முன்னால போனேன். அக்கா என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, நேரா தையல்காரம்மாகிட்ட போய் உக்காந்தா. மடிப்பு படியறதுக்காக வெச்ச செங்கல்மா, மாத்தறதுக்குள்ள வந்துடுச்சுன்னு உள்ளதைச் சொன்னா.

நானும் நேரா துணியில கை வெச்சதில்லையேன்னு தையல்காரம்மா சொல்லிட்டு, மடியில இருந்த பேப்பரை எடுத்து நீட்டினாங்க.

"இப்ப சுத்து. நான் பாக்கணும்."

அக்கா தரையில உக்காந்தா. பையில இருந்து ரேடியோவை எடுத்தா. பேப்பரை மேல போட்டதும் மடிப்பெல்லாம் சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை மாதிரி அதது இடத்துல போய் உக்காந்துச்சு. கத்தரி எடுக்கல, நகத்தால ஒரு தேய்ப்பு, திருப்பி ஒரு தேய்ப்பு, இன்ச் டேப்பு ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு. சிரிச்சவங்க நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுத்தி நின்னாங்க. நான் எங்கக்கா, எங்கக்கான்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன். கேக்காதவங்ககிட்டயும் சொன்னேன்.

தையல்காரம்மா அதை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. பிரிங்கம்மா, பாட்டு போடலாம்னு மக சொன்னதுக்கு, உள்ள ரேடியோ இருக்கறதுதான் தெரியுமே, பாட்டை நாளைக்குக் கேக்கறேன்னுட்டாங்க. அன்னிக்குப் பூரா யாரையும் அதைத் தொட விடல.

மூலை யாருக்குன்னு அதுக்கப்புறம் பேச்சே வரல. ஜன்னலோரம் அக்காவுக்கு ஒரு மேசை கிடைச்சுது, நல்ல அகலமான மேசை. மாமா அவரே ஆணி அடிச்சு அலமாரியும் மாட்டிக் குடுத்தார், கொஞ்சம் கோணலா. அந்தச் செங்கல்லை அக்கா வேற ஒரு அளவு பேப்பர்ல சுத்தி ஜன்னல்ல நிக்க வெச்சிருக்கா. போறவங்க வர்றவங்க உள்ள என்னன்னு கேப்பாங்க. செங்கல்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

போன வாரம் தம்பிக்காரர் வந்தார். நான் அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். வாய் நிறைய பதில் தயாரா வெச்சிருந்தேன். அவர் ஒரு துணிப்பையை மேசை மேல வெச்சார். சின்னப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு மாட்டிட்டுப் போற பை, வார் ஒரு பக்கம் நைஞ்சு நூலா தொங்குது.

"அம்மாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கியிருக்கேன். இது அவங்க எனக்குத் தைச்ச பை, பரண் மேல கிடந்துச்சு. இதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமாம்மா?"

அக்கா பையைக் கையில எடுத்து, திருப்பி, தையலைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் பிறந்ததுல இருந்தே தெரியும். தயாரா வெச்சிருந்த பதிலையெல்லாம் முழுங்கிட்டு, எழுந்து போய் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன்.