மேல் போர்ஷன் விமர்சனம்

தொலைக்காட்சிப் பெட்டியோடு பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு. கிரிக்கெட் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது உண்டு என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் அடுத்ததில் இருக்கிறது. பேசிவிட்டுப் பதிலுக்காகச் சற்று நிறுத்துவேன். ஐம்பதைத் தொடப்போகிற, நாலு புத்தகம் படித்த ஓர் ஆள், சனிக்கிழமை மாலை பனியனோடு உட்கார்ந்து, "பாத்தியா, தோளைத் தூக்கறா" என்று சொல்லிவிட்டு, யாருமில்லாத அறையில் மரியாதையாக ஓர் இடைவெளி விடுவதை நீங்கள் பார்த்திருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பீர்கள்.

நான் ஜோடி நடனம் சொல்லிக்கொடுப்பவன். வால்ட்ஸ், டாங்கோ, சா-சா-சா. தாம்பரத்தில் இதற்கு யார் வருவார்கள் என்று என் அண்ணன் கேட்டதுண்டு. வந்தார்கள். மறைமலை நகர் கார் தொழிற்சாலையிலிருந்து, வெளிநாட்டு விருந்தில் மானம் போகாமலிருக்க விரும்பிய இன்ஜினியர்கள் வந்தார்கள். கல்யாண ரிசப்ஷனில் எல்லோரும் பார்க்க ஆடியே தீருவது என்று முடிவெடுத்த கணினிக் கம்பெனி ஜோடிகள் கேளம்பாக்கம் பக்கமிருந்து வந்தார்கள். ஆண்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே மாதிரிதான் பிடிப்பார்கள், காலி கேஸ் சிலிண்டரை வாசலுக்கு நகர்த்துவது போல.

இந்தத் தொழிலை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. பல வருடங்கள் என்னோடு சேர்ந்து வகுப்பெடுத்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கிறிஸ்துமஸ் சமயத்து நடன விருந்துகளில் நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆடுகிறவர்களை அலசுவோம். அலசுவது நான். அவர் பதில் எப்போதும் ஒரே சொல்தான்: "பாவம்." ஆடுகிறவர்களைச் சொன்னாரா, என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற தன்னைச் சொன்னாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்த அக்காவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்று யோசித்து முடிப்பதற்குள் விமானம் ஏறிவிட்டார்.

அந்த வருடம்தான் டி.வி.யில் அந்தப் போட்டி ஆரம்பமானது. சினிமாக்காரர்களும் சீரியல்காரர்களும் ஜோடி ஜோடியாக வந்து பால்ரூம் நடனம் ஆடுவார்கள். என்னைப் போன்றவனுக்கு அதைப் பார்ப்பது, சமையல்காரன் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போவது மாதிரி. முக்கியமான அடி விழும் நேரம் பார்த்து கேமரா கால்களை விட்டுவிட்டு நடுவரின் ஈரமான கண்ணுக்குப் போகும். வால்ட்ஸ் நடுவில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவார்கள், கூட்டம் எழுந்து நிற்கும். தூக்குவது நடனம் என்றால் சென்ட்ரலில் போர்ட்டர்கள் எல்லோரும் மேதைகள். ஆண் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவள் முதுகில் வைத்த உள்ளங்கையால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், தொப்பை விழுந்த ஒரு பழைய நகைச்சுவை நடிகர். நடுவர்கள் அவருக்கு அனுதாப மார்க் போட்டார்கள். நான் வாரா வாரம் அவருக்காக வாதாடினேன், வெற்றறையில், இடைவெளிகள் விட்டு.

ஒரு சனிக்கிழமை, நாள் முழுவதும் வகுப்பில் கத்தி, தொண்டை கட்டிக்கொண்டது. அன்று போட்டியை வாய் திறக்காமல் பார்த்தேன். மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் போட இறங்கியபோது, கீழ் போர்ஷனில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். சேலையூரில் அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். இப்போது வீடுகளும், கணவர் நடத்தும் மணல், ஜல்லி வியாபாரமும்.

"இன்னா மாஸ்டர், நேத்து புரோகிராம் பாக்கலியா?"

"பாத்தேனே" என்றேன் கரகரப்பாக.

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

எனக்குக் கை மோட்டார் ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு விளக்கினார்.

"உங்க ஜன்னல் எங்க ஜன்னலுக்கு நேர் மேலதான கீது. ஜட்ஜுங்கோ அழுவ ஆரம்பிச்சா நாங்க சவுண்டை கம்மி பண்ணிடுவோம். நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டுகினு இருப்போம். எங்க வூட்டுக்காரர் சொல்லுவாரு, மேல கீறவர்தாண்டி கரெக்டா மார்க் போடறாருன்னு." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "ஆமா, பாத்தியா பாத்தியான்னு கேக்கறீங்களே, அது யாரு மாஸ்டர்?"

"போன்ல" என்றேன். என்னிடம் செல்போன் கிடையாது, வீட்டு போன் செத்து மூன்று மாதம் என்பது அவருக்குத் தெரியும். லைன்மேனை அழைத்து வந்ததே அவர்தான். திரும்பத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அவமானத்தில் குறுகிப்போயிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன். ஒரு குடும்பம் எனக்காக டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கிறது. என் வகுப்பில்கூட யாரும் எனக்காகச் செல்போனை அணைத்ததில்லை. அடுத்த சனிக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குரலை ஜன்னல் பக்கம் திருப்பினேன். இரண்டு மூன்று நகைச்சுவைகளைக் குளிக்கும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு நகைச்சுவைக்குக் கீழிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பை வைத்து நான்கைந்து நாள் ஓட்டினேன்.

பிறகுதான் அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் படியேறி வந்தார். "இன்னாத்துக்கு மாஸ்டர் தனியா உக்காந்துகினு? இந்த வாரம் கீழ வந்துடுங்க. எங்க வூட்டுலயே சாப்டுக்கலாம்."

சனிக்கிழமைகள் எனக்கு எப்படிப் போய்க்கொண்டிருந்தன என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கோப்பை யாருக்குப் போனால் எனக்கென்ன? கீழே அந்த சோபாவில் எனக்கு ஓர் இடம் வாரா வாரம் இருக்குமா என்பதுதான் என் கவலை. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். கேம்ப் ரோடு கடையில் மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கினேன். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் தலை வாரியிருக்க மாட்டான்.

சோபாவின் நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் வீட்டுக்காரர். மறுபக்கம் அந்த அம்மாவின் தம்பி, என்னைக் கேட்பதற்கென்றே படப்பையிலிருந்து வந்திருந்தார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, டி.வி.யைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு ஜோடிகளுக்கு ஏதோ சொன்னேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது என் நகைச்சுவைக்கு வேர்த்துவிடுகிறது. மூன்றாவதாக அந்த நகைச்சுவை நடிகர் வந்தார். வால்ட்ஸ். பாதியில் அவரோடு ஆடிய பெண்ணுக்கு அடி தவறிப்போயிற்று. வேறு யாராக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் நின்றார். முதுகில் வைத்த கையை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. பாட்டு அவர்களை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போயிற்று. அவள் மூச்சு விட்டு நிமிர்ந்த பிறகு மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். கேமரா அதிசயமாக அவர்களை விட்டு நகரவில்லை.

ஆஸ்திரேலியா போனவரும் நானும் ஆடும்போது அடி தவறுகிறவன் நான்தான். அவர் எனக்காக அப்படித்தான் நிற்பார், கையை எடுக்காமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "பாத்தியா" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதைக் கேட்க வேண்டியவர் அந்த அறையில் இல்லை.

வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து நடுவரின் சத்தத்தை அடக்கினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா இருந்தது" என்றேன்.

காத்திருந்தார்கள்.

"அவ்ளோதானா மாஸ்டர்?" என்றார் வீட்டுக்காரர். உதவி செய்கிற குரலில், "தோளு?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"தோளும் நல்லா இருந்தது."

படப்பைத் தம்பி எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் எட்டிச் சொன்னார்: "இன்னா மாமா, இதுக்கா என்னை பஸ் ஏறி வரச் சொன்ன?" வீட்டுக்காரர், "சும்மா இரு மச்சான்" என்றுவிட்டு சத்தத்தைத் திரும்ப வைத்தார். நடுவர் அழுதுகொண்டிருந்தார். அன்று எல்லோரும் அதைக் கடைசிவரை கேட்டோம். சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் நல்லா இருந்தது என்றுதான் சொன்னேன், வேறு சொல் வரவில்லை.

காலையில் என் மிக்சர் மீதியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த அம்மா படியேறி வந்தார். கதவருகே நின்று கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாஸ்டர். அடுத்த வாரம் நீங்க மேலயே பாருங்க, நாங்க கீழ இருந்தே கேட்டுக்கறோம். உங்க ரூம் ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்திடுங்க. அது போடற சத்தத்துல பாதி வார்த்தை கேக்க மாட்டேங்குது."