படலையில் நின்றுபோன செய்தி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்கும் கடைக்குச் சாமான் துண்டு எழுதுவதற்கும் தவிர நான் பேனை பிடித்ததில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் என்னால் வாய் திறந்து சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை எழுத வைத்தவர் என் சம்பந்தி. என் மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டியிருக்கிறாள். அவனுடைய தகப்பன்தான் சம்பந்தி. குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் அவர் பிடித்துக்கொண்ட வேலை, தன் வம்சத்தைத் தேடுவது. இங்கிலாந்தில் கென்ட் பக்கத்தில் ஆறு மைல் இடைவெளியில் இரண்டு சின்னக் கிராமங்கள். அவற்றின் பெயர்களை எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஒன்று ஆற்றங்கரையில் இருக்கிறது, மற்றது மேட்டில் இருக்கிறது. ஆற்றங்கரை ஊர்த் தேவாலயத்தில் அவருடைய முன்னோரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு தலைமுறையில் இளைய மகன் மட்டும் மேட்டு ஊருக்குப் போய்விட்டான். சம்பந்தி அவனுடைய வழி.

ஒரு ஞாயிறு அவர் லண்டன் சட்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். அவருடைய பக்கம் முழுக்கப் பெயர்கள். என் பக்கத்தில் நான், மனைவி, என்னைப் பெற்ற ஐயா, அம்மா. மற்றதெல்லாம் வெள்ளை. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வேண்டும், என் ஐயாவுக்கு வேறு சொந்தம் இல்லையா என்று மகளை விட்டுக் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த மாதம் அவர் எங்களையும் அந்த இரண்டு ஊர்களுக்கும் கூட்டிப்போனார். ஆற்றங்கரை ஊரில் அந்த இளைய மகனின் தகப்பனான கிழவரின் கல்லறைக் கல்லில், அவரை அடக்கம் செய்ய நின்ற பிள்ளைகளின் பெயர்களை வெட்டியிருந்தார்கள். இளையவன் பெயர் இல்லை. ஆனால் மேட்டு ஊர்ப் பதிவில் அந்த இளையவன் தன் மூத்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைத்திருக்கிறான். பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும், வேண்டுமென்றேதான் வராமல் விட்டிருக்கிறான் என்றார் சம்பந்தி. அதைச் சொல்லும்போது, போன வாரம் நடந்த விஷயம் போல அவர் முகம் வாடியது.

எனக்கு இருந்த இங்கிலீஷில் சொன்னேன்: யாரும் அவனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில், காருக்குள், மகள் ஒவ்வொரு வசனமாக மாற்றிச் சொல்லச் சொல்ல, அதுவரை மனைவிக்குக்கூடச் சொல்லாத கதையைச் சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து கடற்கரைப் பக்கமாக ஆறேழு மைலில் ஐயாவின் சொந்த ஊர். அங்கே ஐயாவின் சித்தப்பா குடும்பம் இருந்தது. ஒரு கிணற்றுப் பங்கில் வாய்ச்சண்டை வந்து, இரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

அந்த வருடம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைத்திருந்தேன். நான் காவடி எடுப்பேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். பத்து நாள் பயறும் பாலுமாக விரதம். மயிலிறகு கட்டிய சின்னக் காவடி முகட்டு வளையில் தொங்கியது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'ஓம்' சொல்லவே தொண்டை அடைக்கிற பொடியன் நான். ஆனால் காவடியைத் தோளில் வைத்து முற்றத்தில் ஆடிப் பழகியபோது என் கால்களுக்கு மட்டும் கூச்சம் இருக்கவில்லை. ஊரே பார்க்க ஆடப்போகிறேன் என்று படுத்தாலும் அதே நினைப்பு.

காவடிக்கு முதல்நாள் காலை ஐயா தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா பூ வாங்கச் சந்திக்குப் போனாள். ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலையில் இறங்கினார். சைக்கிள் இருக்கை கிழிந்து, சாக்குச் சுற்றியிருந்தது. ஐயாவின் சித்தப்பாவுடைய மகன் என்று எனக்குத் தெரியும்; எனக்குச் சித்தப்பா முறை. தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, அப்பு மோசம் போட்டார். நாளைக்கு மத்தியானம் எடுக்கினம். நான் வந்து சொன்னனான் எண்டு ஐயாட்டைச் சொல்லு. மறந்திடாதை."

இறந்துபோனது அவருடைய தகப்பன், ஐயாவின் சித்தப்பா. நான் மறக்கவே இல்லை. அன்று முழுக்க எனக்கு அந்த நினைவு மட்டும்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தகப்பன் வழிச் சொந்தத்தில் யாரும் இறந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. பிறகென்ன காவடி. ஐயாவிடம் சொன்னால் அது முகட்டிலிருந்து இறங்கப்போவதில்லை. செத்தவர் எப்படியும் செத்துப்போனார், ஒருநாள் பிந்தினால் அவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். மறுநாள் ஆடிவிட்டு இரவு சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

ஆடினேன். வாத்தியார் கூட வாயைப் பிளந்து பார்த்தார். ஐயா என் பின்னால் ஒரு துவாயோடு வந்து, நான் திரும்புகிற இடமெல்லாம் என் வியர்வையைத் துடைத்தார். அந்த முகத்துக்கு முன்னால் இரவும் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளும் சொல்ல முடியவில்லை.

ஐயா சந்தையில் யாரோ சொல்லித்தான் அறிந்தார். அம்மா பயந்துபோய் வீடு முழுக்கக் கழுவினாள். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு ஐயா அந்த வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சித்தப்பா வந்து உன்னட்டைச் சொன்னவராம். ஆரும் வந்தவையே?"

"ஒருத்தரும் வரேல்லை."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "இந்தப் பிள்ளையைப் பொய்யனாக்கப் பாக்கிறாங்கள்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்த் தெருவால் போகவில்லை. பிறகு நாட்டில் சண்டை வந்து, இடம் மாறி இடம் மாறி என் படிப்பும் நின்றது. ஐயா இறந்தபோது நாங்களும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

கார் எங்கள் வாசலில் நின்ற பிறகும் சம்பந்தி இறங்கவில்லை. கையை நீட்டி என் தோளை ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் எடுத்தார். அவர் பேசிய வேகத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மகளிடம் கொடுத்தேன். சண்டை என்று நம்பியிருந்ததால் ஆற்றங்கரை ஊரின் பிந்திய பதிவுகளை அவர் பார்க்காமலே விட்டிருந்தாராம். நான் சொன்னதைக் கேட்டபின் போய்ப் பார்த்திருக்கிறார். கிழவர் இறந்து ஏழு வருடம் கழித்து, மூத்தவன் மகளின் கலியாணப் பதிவில் சாட்சியாக மேட்டு ஊர்க்காரன், அந்த இளையவன், நிற்கிறான். அவனுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டிருக்கிறான். சம்பந்தி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோணல்மாணலான சின்னப் புள்ளடி. ஆனால் அழுத்திப் போட்டிருந்தான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எப்படித்தான் அந்த ஆறு மைலைத் திரும்ப நடந்திருப்பான்?

எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கடை பக்கத்தில் இருக்கிறது. அவர் நாலு பேரிடம் கேட்டு ஒரு நம்பர் எடுத்துத் தந்தார். அதைச் சட்டைப் பையில் பத்து நாள் வைத்திருந்தேன். பதினோராம் நாள் மனைவி என் முன்னால் வந்து இருந்துகொண்டு, "இப்ப எடுக்கிறியளோ, நான் எடுக்கட்டோ?" என்றாள்.

சித்தப்பாதான் எடுத்தார். குரல் கிழடாகியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். பிறகு, அன்று நான் சொல்லாமல் விட்டதையும், ஐயா கேட்டபோது பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீ எனக்குத் தண்ணி தந்தனி," என்றார். "செம்பு நிறையத் தந்தனி. எட்டுச் செலவுக்கு வந்த கொப்பர் ஒருத்தரும் வரேல்லை எண்டு சொன்னாப் பிறகு, அந்தத் தண்ணியும் கனவோ எண்டு எனக்கே யோசினை."

அவர் மெல்லக் கேட்டார்: "காவடி நல்லா ஆடினியோ?"

"ஓம் சித்தப்பா."

"அப்ப சரி."

பிறகு மாதம் இரண்டு தடவை பேசினோம். சம்பந்தியின் தாளில் என் பக்கத்து வெள்ளை குறைந்துகொண்டு வந்தது.

போன மாதம் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், சித்தப்பாவின் மகள் போன் எடுத்தாள். "அண்ணை, அம்மா மோசம் போட்டா. உங்களுக்கும் துடக்கெல்லோ, அதுதான் முதல் உங்களுக்கு எடுத்தனான்."

இங்கே எங்கள் கோயிலில் தேர் வந்துபோனது. நாங்கள் போகவில்லை. "இப்பதான் கண்டுபிடிச்ச சொந்தம், அதுக்குள்ள தேரும் போச்சு" என்று மனைவி முணுமுணுத்தாள். ஆனால் என்னோடு சேர்ந்து முப்பத்தொரு நாளும் மரக்கறிதான் சமைத்தாள். ஏன் போகவில்லை என்று சம்பந்தி கேட்டார். மகள் விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு, தன் தாளில் என்னிலிருந்து அந்த வீட்டுக்குப் பென்சிலால் போட்டிருந்த கோட்டின் மேல் பேனையால் போட்டார்.

ஒன்பது வயதில், துடக்கு என்றால் கோயில் கதவைச் சாத்துகிற ஒன்று என்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் பேசாமல் இருந்த வீட்டிலிருந்து, ஆள் அனுப்பாமல் தானே வெயிலில் சைக்கிள் உழக்கி வந்து, நீங்களும் எங்களோடு துடக்குக் காக்க வேண்டியவர்கள் என்று ஒரு மனிதர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அவர் தண்ணீர் குடித்து முடித்தபின்னும் படலையில் கொஞ்ச நேரம் நின்றார். ஐயா வரமாட்டாரா என்று தெருவைப் பார்த்தார். ஏன் இன்னும் போகாமல் நிற்கிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள். ஞாயிற்றுக்கிழமை, 27 ஜூலை 2025.