கைலியும் சாரமும்

மலை மேலே அட்டுவம்பட்டியில் நானும் என் தோழியும் சேர்ந்து தையல் கடை வைத்திருக்கிறோம். அவளுடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அவள் இங்கே பிறந்தவள்தான். ஆனாலும் அந்த வீட்டுப் பேச்சு அவளிடம் இருக்கிறது. நாங்கள் கைலி என்பதை அவள் சாரம் என்பாள்.

போன வருடம் ஒரு காலையில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். பெருமாள்மலைப் பக்கம் வாடகை வீட்டில் தங்கியிருந்தவள். நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கொடுத்து, அதில் பாவாடை தைத்துத் தரச் சொன்னாள். அந்தத் துணி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவெடுத்து அனுப்பினேன்.

மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்திருந்தாள். அந்தப் பெண் போனதும், “இதைத் தைக்காதம்மா. அவங்க உடுத்துனா ஃபேஷன். அப்பா உடுத்துனா வாசல்லயே நிப்பாட்டுறாங்க” என்றாள்.

அவள் சொன்னது நிஜம். என் கணவர் டாக்சி ஓட்டுகிறார். ஒரு நாள் மழையில் டயர் மாற்றி பேண்டெல்லாம் சேறாகி, வண்டியிலிருந்த கைலியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சவாரி வந்தவர்கள் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏரிப் பக்கத்து ஓட்டல் ஒன்றில், கைலியோடு உள்ளே விடுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

தோழி மெஷினை நிறுத்தினாள்.

“கோவம் சரிதான் புள்ள. ஆனா சாரம் நம்மளுதுன்னு எப்பிடிச் சொல்றது? எங்கப்பா சிலோன்ல கட்டிப் பழகினவரு. அங்க மலாய்க்காரங்ககிட்ட இருந்து வந்துச்சும்பாரு. எங்க பக்கத்து வீட்டு பாயைக் கேட்டா, அவுக ஆளுக பர்மாவுல இருந்து கொண்டாந்ததுங்கிறாக.”

மகளை மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தனக்கே விடை தெரியாமல்தான் கேட்டாள். மகள் அந்தக் கைலியை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“அப்ப எல்லாருமே ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் கட்டிக்கிட்டதுதான்” என்றாள். பிறகு, “துணியைக் கட்டுறவங்க மேல எனக்குக் கோவமில்ல அத்தை. வாசல்ல நிப்பாட்டுனாங்கல்ல, அவங்க மேலதான்.”

அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டலுக்குப் போனாள். உள்ளே போனால் மேசைக்கு மேசை கட்டம் போட்ட விரிப்பு. டீ சொல்லிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இது என்ன துணிங்க?”

“கைலித் துணிம்மா. டூரிஸ்ட்டுக்குப் பிடிக்குது.”

“மேசைக்கு ஆகுது. எங்கப்பா இடுப்புல இருந்தா மட்டும் ஆகாதாண்ணே?”

நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. அந்த மனிதர் விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓனர் போட்ட ரூலும்மா. வீட்டுல நானும் கைலிதான்.”

“அப்ப அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் அவருக்குப் புரியும்.”

இந்தப் பேச்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவாடைக்கு மகளே கைத்தையல் போட்டு ஓரம் மடித்தாள். வெளிநாட்டுப் பெண் வாங்க வந்தபோது, அப்பாவுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள். நான் இதை உடுத்தலாமா என்று தயங்கிக் கேட்டாள். தாராளமாக உடுத்துங்கள், யாராவது விசாரித்தால் பேரைச் சொல்லுங்கள், அது போதும் என்றாள் மகள். கைலி என்று இவள் சொல்லிக்கொடுக்க, சாரம்னும் சொல்லச் சொல்லு என்றாள் தோழி. அந்தப் பெண் இரண்டையும் சொல்லிப் பார்த்தபடியே படியிறங்கிப் போனாள்.

சில நாள் கழித்து டாக்சி ஸ்டாண்டுக்கு அந்த மேனேஜரே வந்து, ஓனரிடம் பேசிவிட்டதாகவும், இனி யாரையும் உடையைப் பார்த்து நிறுத்த மாட்டோம் என்றும் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே சாப்பிடக் கிளம்பினோம். என் கணவர் பேண்ட் போட்டு, ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“என்னப்பா, கைலி கட்டலையா?”

“குளிர் இந்தப் போடு போடுது. அதைக் கட்டிக்கிட்டு எவன் வருவான்? வெரசா கெளம்புங்க.”

மகள் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாள்.